கீலுக்குள் மரச்சிராய்

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டில் ஒன்பது வாரமாக ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தது. அது நமக்குத் தெரியும். அதைச் சொல்லிவந்த மருமகளுக்கும் தெரியும். மாமனாருக்கு மட்டும் தெரியாது.

அப்படித்தான் மருமகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. லேப்டாப்பைக் குளியல் துண்டில் சுற்றி, அடிபட்ட பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். செவ்வாய்க்கிழமை மூடியைத் தூக்கியபோது 'படக்' என்று ஒரு சத்தம். இடது பக்கக் கீல் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது மூடி ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது.

முன்னறைதான் மாமனாரின் பட்டறை. தச்சர். ஜன்னல் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தவர், துண்டு மூட்டையைப் பார்த்ததும் இழைப்புளியை நிறுத்தினார்.

"ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போறேன் மாமா. கீல் போயிடுச்சு."

"ம்."

அவள் செருப்பு மாட்டிக்கொண்டாள். படியிறங்கினாள்.

"ஏம்மா..."

திரும்பினாள். மாமனார் தாமாகப் பேச்சைத் தொடங்குவது சூரியன் மேற்கே உதிப்பதைப் போல.

"கடையில கொடுத்துத்தான் ஆகணுமா? அப்படியே வெச்சிருந்தா... நானே ஏதாச்சும்..."

"இது ஜன்னல் இல்லையே மாமா."

"அதுவும் சரிதான்" என்று குனிந்துகொண்டார். ஆனால் அவள் தெருமுனை திரும்பும்வரை இழைப்புளியின் சத்தம் கேட்கவில்லை.

*

ஏழு மாதத்துக்கு முன்னால், கப்பலில் ஃபிட்டர் வேலை கிடைத்து அவள் கணவன் கிளம்பிய அன்று, அப்பனுக்கும் மகனுக்கும் இதே முன்னறையில் நடந்த சண்டையை நாம் பார்த்தோம். சேர்ந்து தொழில் செய்யலாம் என்று தச்சர் வாங்கிப்போட்ட மரம் அறுக்கும் மெஷின் இன்னும் சாக்கு போர்த்தியபடி மூலையில் நிற்கிறது. "போறவன் போ. என்கிட்ட பேசணும்னு மட்டும் நினைக்காதே" என்று அவர் சொன்னார். மகனும் ரோஷக்காரன். அன்றிலிருந்து பேசவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மனைவியை அழைப்பான். லேப்டாப் திரையில் முகம் வரும். அந்த நேரம் பார்த்து முன்னறையில் உப்புத்தாளின் சத்தம் நின்றுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதற்காகவே ஒலியைக் கூட்டி வைப்பாள்.

முடிந்ததும் வெளியே வந்து, "நல்லா இருக்காராம் மாமா" என்பாள்.

"ம்" என்பார்.

ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்குப் போவாள். அங்கே நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. வலி தெரியாமலிருக்க வாய் ஓயாமல் பேச்சுக் கொடுப்பாள். திரும்பி வரும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருக்கும்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் அழைப்பு நின்றது. அவன் எண் அணைந்து கிடந்தது. கப்பல் கம்பெனிக்கு நடையாய் நடந்ததில் போன மாதம் ஒருவழியாகப் பதில் வந்தது: "சொந்த விருப்பத்தில் ஒரு துறைமுகத்தில் இறங்கிவிட்டார். கையெழுத்து இருக்கிறது." அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே அந்த வீட்டில் இல்லாமல் போய்விடும். "நல்லா இருக்காராம்", "ம்" என்ற அந்த இரண்டு சொல்லும் போய்விட்டால், ஒரே கூரைக்கடியில் குடியிருக்கும் இரண்டு அந்நியர்கள்.

ஆகவே அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள். லேப்டாப்பைப் பாதி திறந்து வைப்பாள். ஆன் செய்வதுகூட இல்லை. ஆன் செய்தால் அவன் படம் வரும், அதைப் பார்த்தால் குரல் உடையும். கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரிப்பாள், திட்டுவாள், "தொப்பை போட்டிருச்சு உங்களுக்கு" என்பாள். ஊசி குத்தும்போது பேசிப் பழகிய வாய், கைகொடுத்தது.

போன ஞாயிறு ஓர் அதிசயம். "நல்லா இருக்காராம் மாமா" என்றதும், "ம்"முக்குப் பிறகு தச்சர் கேட்டார்: "சாப்பாடெல்லாம் எப்படியாம்?"

ஏழு மாதத்தில் முதல் கேள்வி. அவள் அந்த நிமிஷமே ஒரு சமையல்காரனை உண்டாக்கி, அவனை உப்பு ஜாடியைக் கவிழ்க்க வைத்து, கப்பல் முழுக்கத் தண்ணீர் குடிக்க வைத்தாள். மாமனார் சிரித்தார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுதாள்.

இப்போது அவசரம் வேறு. கப்பலாளர் நல அலுவலகத்து அதிகாரி அம்மாள் நேற்று போனில் சொல்லியிருந்தாள்: "அந்தத் துறைமுகத்துல எங்க ஆள் ஒருத்தர் இருக்கார். திங்கக்கிழமை மாறிப் போறார். ஒப்பந்தக் காப்பி இல்லாம அவரால அங்க யார்கிட்டயும் விசாரிக்க முடியாது. சனிக்கிழமை ஒரு மணிக்கு நாங்க மூடிடுவோம். அதுக்குள்ள அனுப்பும்மா."

ஒப்பந்தம் அவன் மெயிலில் இருந்தது. அந்த மெயில் திறந்திருப்பது இந்த லேப்டாப்பில் மட்டும். நேற்று சாயங்காலம் அவள் தைரியத்தைத் திரட்டி ஆன் செய்தாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

*

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. நெற்றிப் பட்டையில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்த பெண்மணியைத் தெருவே 'லென்ஸக்கா' என்றுதான் கூப்பிட்டது.

"ஒரு மணிக்குள்ள வேணும்க்கா."

"எல்லாருக்கும் ஒரு மணிக்குள்ளதான் வேணும். உடைக்கிறப்போ மட்டும் ஆற அமர உடைப்பீங்க." துண்டைப் பிரித்தாள். "அடடா. மூடியைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனீங்களா என்ன?"

"தூக்கினேன். அவ்வளவுதான்."

லென்ஸக்கா ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் உருவத்தைச் சதுரமாக வரைந்தாள். அடிப்பக்கத்து ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த இடத்தில் இருந்ததோ தாளில் அதே இடத்தில் குத்தி வைத்தாள். பதினொன்று இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தன.

"ஏற்கெனவே யாரோ திறந்திருக்காங்க."

"யாரும் திறக்கலையே."

"நீங்க சொல்றீங்க. ஸ்குரு வேற மாதிரி சொல்லுது." பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்துச் சுற்றிவர ஓட்டினாள். அடிமூடி கழன்றது. பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கியவள், அப்படியே அசையாமல் இருந்தாள்.

"என்னக்கா?"

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எறும்புக்கூடு பாத்திருக்கேன், பிஸ்கட் பாத்திருக்கேன், ஒருத்தர் லேப்டாப்புல பல்லியே பாத்தேன். இது புதுசு." இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தாள். வரவில்லை. சூட்டுக் காற்றைக் காட்டி மறுபடி இழுத்தாள். வந்தது. உள்ளங்கையில் போட்டு நீட்டினாள்.

மரச்சிராய். தீக்குச்சியில் பாதி கனம். ஊசிபோலச் சீவியிருந்தது.

"இங்க பாருங்க. கீலைப் பிடிக்கிற பித்தளை மரை, பிளாஸ்டிக்கை விட்டுக் கழண்டுபோச்சு. இது எப்பவும் நடக்கறதுதான். அதுக்கு நாங்க ரெண்டு குழாய்ப் பசை கலந்து ஊத்துவோம். இவர் என்ன பண்ணியிருக்கார்னா, ஓட்டைக்குள்ள மரத்தை அடிச்சு, வெள்ளைப் பசை போட்டு, அதுமேல மரத்துல போடற ஸ்குருவை முறுக்கியிருக்கார். வாசக்கதவு ஆடினா பண்ணுவாங்களே, அந்த வேலை. மெக்கானிக் கை இல்லம்மா இது."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக்கு அருகே கொண்டுபோகாமலே தேக்கு வாசனை தெரிந்தது.

"சும்மா சொல்லக்கூடாது, என்ன சுத்தமா சீவியிருக்கார் பாருங்க. அடிக்கவும் தோணுது, கும்பிடவும் தோணுது" என்றாள் லென்ஸக்கா. "ஆனா கதவு வேற, இது வேற. கதவுக்கீல் ஆடினா இறுக்கணும். லேப்டாப் கீல் இறுகிப்போனாத்தான் ஆபத்து. மூடியைத் தூக்குறப்போ கீல் சுத்தலைன்னா, பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக்கையே பேத்துக்கிட்டு வரும். இவர் பலமா இருக்கட்டும்னு இறுக்கோ இறுக்குன்னு இறுக்கியிருக்கார். அதான் உங்க கையில வந்துடுச்சு."

"திரை?"

"ஸ்குரு நீளம் ஜாஸ்தி. படம் போற கேபிள்லயே இறங்கியிருக்கு. முறுக்கின அன்னிக்கே படம் செத்திருக்கும்."

"என்னிக்கு முறுக்கியிருப்பாங்க?"

"தேதியா எழுதி வெச்சிருக்காங்க? பசை கல்லாக் காய்ஞ்சிருக்கு. நேத்து, முந்தாநாள் இல்ல."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் வேலைக்குப் போன நேரத்தில் மாமனார் தன் அறைக்குள் வந்திருக்கிறார். அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார், திறந்திருக்கிறார், உடைத்திருக்கிறார், ஒட்டி வைத்திருக்கிறார். எல்லாம் முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல "ம்" என்றிருக்கிறார்! எதைத் தேடினார்? எவ்வளவு நாளாக?

"அந்த ஒப்பந்தம் எப்படிக்கா எடுக்கறது? மணி பதினொண்ணேகால்."

"மூஞ்சி போனா உயிர் போயிடுமா? வேற மூஞ்சி மாட்டுவோம்." மேலே அலமாரியிலிருந்து ஒரு பெரிய மானிட்டரை இறக்கி, கேபிளைச் செருகினாள்.

திரை வெளுத்தது. நீலமானது.

அவன் வந்தான்.

கப்பல் தளத்தில், ஆரஞ்சு அங்கியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. லேப்டாப்பில் கையளவு இருந்த முகம் இங்கே நிஜ முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒன்பது வாரத்துக்குப் பிறகு பார்க்கிறாள். இடது புருவத்து வெட்டுத் தழும்பு, அங்கியின் பட்டனைத் தப்பாகப் போட்டிருப்பது எல்லாம் தெரிந்தது. பட்டனைச் சரிசெய்யக் கை கொஞ்சம் எழும்பி, பிறகு இறங்கியது.

லென்ஸக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. "டீ சொல்லிட்டு வரேன்" என்று குனிந்து வெளியே போனாள்.

*

ஒப்பந்தம் கிடைத்தது. பன்னிரண்டு பக்கம். பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு பத்துக்கு அதிகாரி அம்மாளே அழைத்தாள்.

"வந்துடுச்சும்மா. அங்க இருக்கிறவருக்கும் அனுப்பிட்டேன். ஒண்ணு கேக்கணும். கடைசிப் பக்கத்துல அவசரத் தொடர்புன்னு ஒரு நம்பர் இருக்கே, அந்த நம்பருக்கு ஏதும் வரலையா?"

"என் நம்பருக்கு எதுவும் வரலைங்க."

"உங்க நம்பர் இல்லம்மா. பாருங்க."

பார்த்தாள். 'பெயர்' என்ற இடத்தில் தச்சரின் பெயர். 'உறவு' என்ற இடத்தில் தந்தை. எண் தச்சருடையது.

"கப்பல்ல இருக்கிறவனுக்கு ஒண்ணுன்னா முதல்ல அந்த நம்பருக்குத்தான் போகும். கப்பல்ல இருக்கிறவங்களும் பெரும்பாலும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க, ஏன்னா மனப்பாடமா இருக்கும். கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா."

போனை வைத்தபின்பும் அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத அப்பா. ஞாயிறு தவறாமல் "நீ இல்லாம ஒரு நாள் ஓடலை" என்று தன்னிடம் வழிந்த புருஷன். உயிர் போகிற அவசரம் என்று வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்ட இடத்தில், அவன் தன்னை எழுதவில்லை.

தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

லென்ஸக்கா இரண்டு குழாய்ப் பசையைக் குச்சியால் கலந்து, பழைய ஓட்டையைச் சுரண்டி, உள்ளே மிஞ்சியிருந்த இன்னும் இரண்டு சிராய்களை எடுத்துச் சுத்தம் செய்து, பித்தளை மரைகளை உட்கார வைத்தாள். கீலின் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, விரலால் அசைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு இரண்டு கவ்விகளைப் போட்டு இறுக்கினாள்.

"திங்கக்கிழமை வாங்க. புது கேபிளும் போட்டு வைக்கறேன். அதுவரைக்கும் தொடவே கூடாது."

"நாளைக்கு மட்டும் கொடுங்கக்கா. ஒரு அரைமணி நேரம், பத்து மணிக்கு. திருப்பிக் கொண்டுவந்துடறேன்."

"படமே வராத லேப்டாப்பை வெச்சுக்கிட்டு நாளைக்குப் பத்து மணிக்கு என்னம்மா பண்ணப்போறீங்க?"

அவள் துண்டை மடிக்கத் தொடங்கினாள். மரச்சிராய்கள் மூன்றையும் லென்ஸக்கா சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். அதையும் மடித்த துண்டையும் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

*

வீட்டுக்குள் நுழைந்ததும், பாதி இழைத்த ஜன்னல் சட்டத்தின்மேல் அந்த உறையை வைத்தாள்.

தச்சர் அதைப் பார்த்தார். எடுத்துப் பார்க்கவில்லை. தன் கைவேலையைத் தெரிந்துகொள்ள அவருக்கு எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

"என் ரூமுக்கு வந்தீங்களா மாமா?"

"வந்தேன்."

"என்னைக் கேக்காம."

"கேக்காமத்தான்."

"எத்தனை தடவை?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல யோசிப்பதுபோல இல்லை, உண்மையிலேயே எண்ணிப் பார்ப்பதுபோல இருந்தது. "நீ வேலைக்குப் போன பிறகு, தினம். சில நாள் ரெண்டு தடவை."

"தினமுமா! என்ன பாத்தீங்க? எங்க மெயிலைப் படிச்சீங்களா? என்னை வேவு பாத்தீங்களா?" ஏழு மாதமாக இந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. தன் குரல் சுவரில் மோதித் திரும்புவது அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் என்னத்தம்மா படிக்கப்போறேன்? அதுல ஒரு பட்டன் எனக்குத் தெரியும். அமுக்கினா அவன் மூஞ்சி வரும். அதுக்கு அப்புறம் என்னவோ போடச் சொல்லிக் கட்டம் வரும். அது எனக்குத் தெரியாது. எனக்கு அது வேண்டவும் வேணாம்." இழைப்புளியின் கட்டையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "பாத்துட்டு மூடிடுவேன். அவ்வளவுதான்."

அவள் கையிலிருந்த துண்டை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு நாள் கீல் ஆடிச்சு. நான் திறந்து திறந்துதான் ஆடுது, நீ கண்டுபிடிச்சிடுவேன்னு பயந்துட்டேன். ஒரு கீல்தானே, எத்தனை கதவு மாட்டியிருக்கேன்னு ஒரு திமிர். கழட்டி, சிராய் வெச்சு, இறுக்கிட்டேன். கல்லு மாதிரி நின்னுது. பட்டனை அமுக்கினேன். மூஞ்சி வரலை." இழைப்புளியைக் கீழே வைத்தார். "எப்படி அமுக்கியும் வரலை. அன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"மூணு வாரம் ஆச்சு."

மூன்று வாரம். நடுவில் மூன்று ஞாயிறு.

முதல் ஞாயிறு, கப்பலில் ஊசி போட்டுக்கொள்ள அழுத மாலுமியின் கதை. இரண்டாவது ஞாயிறு, தொப்பை. மூன்றாவது ஞாயிறு, உப்பு. செத்துப்போன திரையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பெல்லாம், அது செத்துப்போனது என்று தெரிந்த ஒரே மனிதரின் காதில் விழுந்திருக்கிறது.

"அந்த ஞாயிறு நீ கதவைத் திறந்துக்கிட்டு வந்து சத்தம் போடுவேன்னு உக்காந்திருந்தேன்" என்றார் தச்சர். "உள்ள பேச்சு ஆரம்பிச்சுது. என்னடா இது, திடீர்னு சரியாயிடுச்சான்னு நினைச்சேன். மறுநாள் நீ போன பிறகு ஓடிப்போய்த் திறந்து பாத்தேன். கறுப்பாத்தான் இருந்துச்சு."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஏன் கேக்கலை? 'பொய் சொல்றியே, என் புள்ள எங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! போன வாரம் சாப்பாடு எப்படின்னு கேட்டீங்களே மாமா, தெரிஞ்சே கேட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

தச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஏழு மாதத்தில் அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அநேகமாக இதுதான் முதல் தடவை.

"கேட்டா நீ நிறுத்திடுவே."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். மரத்தூளைப் பற்றிக் கவலைப்படவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வாரம், அணைந்த எண், கம்பெனிக்காரன் காட்டிய கையெழுத்து, நல அலுவலகம், திங்கட்கிழமை மாறிப்போகிற ஆள். ஹெட்ஃபோனுக்குள் எதுவும் இல்லை என்பதையும் சொன்னாள். கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் பிசிறியது.

"அவசரம்னா கூப்பிடுங்கன்னு உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்கார் மாமா. என்னுது இல்ல."

"என் நம்பரையா?"

"உங்களுக்கு ஏதாச்சும் போன் வந்துதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒன்பது வாரத்துக்கு முன்னாடி."

தச்சரின் கை வாய்க்குப் போயிற்று. மரத்தூள் அப்பிய விரல்கள் மீசைமேல் அப்படியே நின்றன.

"வந்துச்சும்மா. நீளமா ஒரு நம்பர். எடுத்தா ஒரே இரைச்சல். 'பரிசு விழுந்திருக்கு, நம்பரைச் சொல்லு'ன்னு ஏமாத்துற கும்பல் இப்படித்தான் கூப்பிடும்னு மரக்கடைக்காரர் சொல்லியிருந்தார். மூணு தடவை கட் பண்ணினேன். நாலாவது தடவை அடிச்சப்போ..."

"அடிச்சப்போ?"

"அணைச்சு, உளி டப்பாவுக்குள்ள போட்டுட்டேன்."

அவள் எழுந்த வேகத்தில் ஜன்னல் சட்டம் சாய்ந்தது. இருவரும் அதைப் பிடிக்கவில்லை.

உளிகளுக்கும் எண்ணெய்த் துணிக்கும் அடியில் போன் கிடந்தது. மகன் வாங்கிக் கொடுத்தது, கீறல் விழாமலிருக்க ஒட்டிய தாளைக்கூட அவர் இன்னும் உரிக்கவில்லை. சார்ஜர் அவள் அறையில் கிடைத்தது. செருகினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிவப்புக் கோடு. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். இருவரும் அடுப்பில் பால் வைத்ததுபோல அதன் முன்னால் காவல் நின்றார்கள்.

"நான் கட் பண்ணாம இருந்திருந்தா..." என்று தச்சர் தொடங்கினார்.

"இப்ப வேணாம் மாமா."

"என் புள்ள கூப்பிட்டிருக்கான். ஏமாத்துக்காரன்னு நினைச்சுட்டேன்."

"அது அவரா இல்லையான்னு இன்னும் தெரியாது. மூச்சை விடுங்க முதல்ல."

போன் விழித்தது. சிக்னலைத் தேடியது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒன்று 'டிங்' என்றது. இன்னொன்று. பிறகு நிறுத்தாமல். தச்சர் அதைக் கையில் எடுக்கப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எல்லாம் ஒரே நீள எண்ணிலிருந்து. எழுத்து எதுவும் இல்லை. அத்தனையும் குரல் பதிவுகள், பதினான்கு. முதலாவது ஒன்பது வாரத்துக்கு முந்தையது. கடைசியாக வந்தது, போன புதன்கிழமை.

"புதன்கிழமை" என்றாள் அவள். பட்டறை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, புதன்கிழமை!"

"அவனா இருந்தா, புதன்கிழமை வரைக்கும் பேசியிருக்கான்."

"கடைசியைப் போடுங்க. இப்ப எப்படி இருக்கார்னு தெரியட்டும்."

தச்சர் தலையசைத்தார். "முதல்லேருந்தே வரட்டும். கடைசி தெரிஞ்சுட்டா, மத்ததைக் கேக்க எனக்குத் தெம்பு இருக்காது."

அவளுக்கு வாதாட வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். அவர் கையில் போனைக் கொடுத்து, எங்கே தொடவேண்டும் என்று காட்டினாள். உளி பிடித்துக் காய்த்த பெருவிரலை அந்தக் கண்ணாடி இரண்டு தடவை ஏற்கவில்லை. மூன்றாவது தடவை ஏற்றது.

முதலில் இரைச்சல். காற்றோ, கடலோ. எங்கோ ஓர் இரும்பு ஷட்டர் இறங்கும் சத்தம். அதற்குள்ளிருந்து அவன் குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லியதாக.

"அப்பா... நான்தான். என் மேல கோவம்னு அழிச்சிடாதீங்க. முழுசா கேளுங்க. உங்களை விட்டா இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. அப்புறம்... அவ பக்கத்துல இருந்தா கொஞ்சம் தள்ளிப் போய்க் கேளுங்கப்பா. அவளுக்குத் தெரிய வேணாம்."

தச்சரின் பெருவிரல் சட்டென்று இறங்கியது. குரல் நின்றது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்து கையை எடுத்தாள். சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த மரத்தூளை மெதுவாகத் தட்டிவிட்டாள். தட்டி முடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் தட்டினாள்.

"நீங்க கேளுங்க மாமா. நான் உள்ள இருக்கேன்."

அறை வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

"எங்க போற?"

"அவர்தான் சொல்றாரே."

"அவன் ஆயிரம் சொல்லுவான். நானும்தான் அன்னிக்கு என்கிட்ட பேசாதேன்னு சொன்னேன். சொன்னதெல்லாம் கேட்டுத்தான் இப்படி உக்காந்திருக்கோம்." காலால் ஒரு முக்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். அதன் மேல் கிடந்த இழைப்புச் சுருள்களை உள்ளங்கையால் ஒரே வீச்சில் தள்ளினார். "சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வா. உக்காரு."

அவள் நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

தச்சர் போனை இருவருக்கும் நடுவில், தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஒலியை முழுக்கக் கூட்டச் சொன்னார். அவள் கூட்டினாள்.

பெருவிரல் மறுபடியும் கண்ணாடியில் இறங்கியது.